மனப்பாடம் செய்த கண்கள்

மகனே,

இதை நீ யாரிடமும் காட்டக்கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உன் அப்பாவிடம் காட்டாதே. அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது, ஆனாலும் காட்டாதே. என் அம்மாவிடம் எந்தக் காலத்திலும் காட்டிவிடாதே. அவளுக்கு அப்போது எத்தனை வயதாகியிருந்தாலும் எழுந்து வந்து என்னை அடிப்பாள், அதுவும் உனக்கு முன்னாலேயே அடிப்பாள், அதற்குப் பிறகு உனக்கு என்மேல் என்ன மரியாதை இருக்கும்? நான் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நீ பிறந்து, வளர்ந்து, மீசை முளைத்து, என்னை எதிர்த்துப் பேசும் வயதுக்கு வந்ததும் இதை உன்னிடம் கொடுப்பதாக இருக்கிறேன். எங்கள் சிட்லபாக்கம் தெருவில் எந்த அம்மாவைக் கேட்டாலும், தான் படிக்கிற காலத்தில் வகுப்பில் முதலாவதாக வந்ததாகவும் வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னதில்லை என்றும்தான் சொல்கிறாள். பிள்ளை பெற்றால் ஞாபகம் இப்படி ஆகிவிடும்போல. எனக்கும் அப்படி ஆவதற்கு முன்னால் உண்மையை எழுதி வைத்துவிடுகிறேன். தவிர, இன்று சாயங்காலம் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். என்னைத் திட்டாத ஆள் என்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் பிறக்காத நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் வந்து, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே இருப்பது ஒரு சின்ன பல்பு. உள்ளே வந்தபோது சோப்பு எது, எலிப்பொறி எது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனதும் எல்லாம் தெரிந்தது. ஏன் தெரியுமா? கண்ணில் ஐரிஸ் என்று வட்டமாக ஒரு திரை இருக்கிறது. அதன் நடுவில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் கண்பாவை. அது ஒரு பொருளே இல்லை, வெறும் ஓட்டை. உள்ளே இருட்டாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. வெளிச்சம் அதிகமாக வந்தால் ஐரிஸ் அந்த ஓட்டையைச் சுருக்கும்; குறைந்தால் விரிக்கும். மழைச்சாரல் அடித்தால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, விட்டதும் மேலே தூக்குகிற மாதிரி. இதற்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. நம் உடம்பில் சொல்லாமலே வேலை செய்கிற உறுப்புகள் உண்டு என்று நீ இதிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும். நீயும் அப்படி இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

கண் பாடத்தில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அவமானத்துக்காகச் சொல்கிறேன். ஒளி முதலில் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலத்தைத் தாண்டும், பிறகு கண்பாவை வழியாக நுழையும், பிறகு லென்ஸ். லென்ஸைச் சுற்றி சிலியரித் தசைகள் இருக்கின்றன. பக்கத்தில் பார்க்கும்போது அவை லென்ஸைத் தடிக்க வைக்கும், தூரத்தில் பார்க்கும்போது மெலிய விடும். கடைசியில் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழும். பார்வை நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகும், மூளை நிமிர்த்தி வைக்கும். இதெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடுத்த பத்தியில் கிட்டப்பார்வை வரும்: விழிக்கோளம் சற்று நீண்டுவிட்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும், அருகில் இருப்பவை தெளிவாகவும் தொலைவில் இருப்பவை மங்கலாகவும் தெரியும். இதையும் அழகாக எழுதி, அடிக்கோடு போட்டு, படம் வரைந்து கொடுத்தேன். கரும்பலகையில் டீச்சர் எழுதிப்போட்ட கேள்வி தெரியாமல், பக்கத்திலிருந்த ரெஜினாவிடம் கேட்டு எழுதிக்கொண்டுதான் அந்தப் பதிலை எழுதினேன். பாடம் என்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனப்பாடத்தின் சக்தி அது, மகனே. நெருப்பு சுடும் என்பதை மனப்பாடம் செய்தவள் அடுப்பில் கை வைத்துக்கொண்டே ஒப்பிப்பாள்.

தோன்றியபோது பயம் வந்துவிட்டது. காரணம் என் அம்மா. அவள் வீட்டில் ரவிக்கை தைப்பவள். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். கிட்டப்பார்வைக்காரிக்கு ஊசிக்காது வாசல்கதவு மாதிரி தெரியும். நான் ஒரே குத்தில் கோத்துக் கொடுப்பேன். அம்மா அதைத் தைக்கக் கொடுக்க வந்திருப்பவர்களிடம் காட்டுவாள்.

"பார்த்தீங்களா? பொன்னாங்கண்ணி சாப்பிட்ட கண்ணு. எங்க வம்சத்துலயே கண்ணாடி கெடையாது."

மாடிவீட்டு அக்காவுக்குக் கண்ணாடி போட்டபோது அம்மா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னாள்: "ராவும் பகலும் போனு. வேற என்ன? இங்க பாருடி, உனக்கு மட்டும் கண்ணாடின்னு ஒண்ணு வந்துச்சு, உன் போனை ஏரியில போட்டுடுவேன். அப்புறம் அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஏரிக்கரையில உக்காந்து தேடு."

அம்மா சொன்னால் செய்வாள். ஒருமுறை சாப்பிடாமல் அடம்பிடித்தேன் என்று என் சாப்பாட்டை எடுத்துத் தெரு நாய்க்கு வைத்து, அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, "நீதான்டா என் புள்ள" என்றாள். அந்த நாய் இப்போதும் எங்கள் வாசலில்தான் படுக்கிறது.

இப்படி இருக்கும்போது பள்ளியில் கண் பரிசோதனை வைத்தார்கள். முதல்நாளே எட்டாம் வகுப்பு அறையில் எழுத்துப்படத்தை மாட்டிவிட்டார்கள். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சிறிதாகும், பார்த்திருப்பாய். நான் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். இடைவேளையில் போய் மூக்கு ஒட்ட நின்று மொத்தப் படத்தையும் மனப்பாடம் செய்தேன். மறுநாள் பரிசோதிக்க வந்த அக்கா ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் குச்சியை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்: "ஈ. எஃப் பி. டி ஓ இசட். எல் பி ஈ டி. பி ஈ சி எஃப் டி..."

"இரும்மா, இரு. நான் இன்னும் குச்சியே வைக்கல."

என்னால் நிறுத்த முடியவில்லை. மனப்பாடம் அப்படித்தான், நடுவில் நின்றால் முதலிலிருந்து வரவேண்டும். கடைசி வரியையும் தாண்டி, படத்தின் அடியில் எறும்பு சைசில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் சொல்லிவிட்டேன். அந்த அக்கா எழுந்துபோய்ப் படத்தின் கிட்டே குனிந்து பார்த்தார். திரும்பி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா!" என்று டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். டீச்சர் காலை வழிபாட்டில் என்னை மேடைக்கு அழைத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கையோடு, பார்வைக் குறைவு உள்ள பிள்ளைகள் முன்னால் உட்காரவேண்டும் என்பதற்காக, கடைசி வரியில் மட்டும் தடுமாறிய ரெஜினாவை முதல் பெஞ்சுக்கும் என்னைக் கடைசி பெஞ்சுக்கும் மாற்றினார். அன்றிலிருந்து கரும்பலகை எனக்கு ஒரு வதந்தி.

வீட்டில் அம்மா பொன்னாங்கண்ணியை இரண்டு மடங்காக்கினாள். அப்பாதான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உன் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கீழ்க்கட்டளையில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். என் பள்ளியும் அங்கேதான் என்பதால் நானும் அதே வேனில் போய் வருவேன். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அம்மாவுக்கு அவர் பயப்படுவதைப் பார்த்தால் எனக்கு நான் தைரியசாலி என்று தோன்றும். ஒருநாள் அறிவியல் வீட்டுப்பாடம்: வீட்டிலிருப்பவர் கண்ணுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு கணம் வெளிச்சம் காட்டி, கண்பாவை சுருங்குகிறதா என்று பார்த்து எழுதவேண்டும். அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தேன். இடது கண்ணின் பாவை சமர்த்தாகச் சுருங்கியது. வலது கண்ணிலும் சுருங்கியது, ஆனால் அது கறுப்பாக இல்லை. சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

"அப்பா, இந்தக் கண்ணு உனக்குத் தெரியுதா?"

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியுதுடா கண்ணு. கொஞ்சம் பனி பெஞ்சா மாதிரி கீது. எதுத்தாப்புல லைட்டு வந்தா மத்தாப்பு கொளுத்துனா மாதிரி பூவா பூக்குது. அந்தக் கண்ணும் இப்ப லேசா ஆரம்பிச்சிருக்கு. அம்மாகிட்ட சொல்லாத."

மறுநாள் டீச்சரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். கண்புரை என்றார். பலர் நினைப்பதுபோல அது கண்ணின்மேல் படரும் தோல் இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸே கலங்கிப்போவது. தெளிந்த தண்ணீரில் ஒரு கரண்டி மோர் விட்டதுபோல ஆகிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் சீக்கிரம் வரும் (அப்பாவுக்கு அது உண்டு). கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறு ஒன்று வைத்துவிடலாம், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். "ஆபரேஷன் பண்ணிக்கினு நான் படுத்துட்டா வேன யாரு ஓட்டுறது? உங்கம்மாவா?" என்றார். அம்மா வேன் ஓட்டுவதை இருவரும் நினைத்துப் பார்த்து, உடனே பேச்சை மாற்றிக்கொண்டோம்.

அவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும், அதற்குக் கண் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். போனவாரம் அந்த கிளினிக்குக்குப் போனவர், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் "சர்க்கரை மாத்திரை போட மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார். கண்ணுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பதற்குள் வேனை எடுத்துவிட்டாராம். வந்ததும் என்னிடம் கிசுகிசுத்தார்.

"உங்க ஸ்கூல்ல மாட்டினாங்களே, அதே படம்தான் கண்ணு. நீதான் ஒரு தடவ பாத்தா தலைகீழா சொல்லுவியே. எனக்கும் சொல்லிக் குடேன்."

நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார். அதைவிட, என்னிடம் ஒருவர் பாடம் கேட்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக் கொடுத்தேன். அப்பாவைப்போல ஒரு மக்கு மாணவனை நான் பார்த்ததில்லை.

"எல் பி ஈ டி. சொல்லு."

"எல் பி ஜி."

"அது கேஸ் சிலிண்டர்ப்பா!"

அவருக்கு வரவில்லையே தவிர, பின்னால் இருந்த நர்சரிப் பிள்ளைகளுக்கு உடனே வந்துவிட்டது. யூகேஜி படிக்கும் தன்யா என்ற வாலு அதற்கு ஒரு ராகமும் போட்டுவிட்டாள். காலையும் மாலையும் வேன் முழுக்க "டி ஓ இசட், எல் பி ஈ டி" என்று கைதட்டிப் பாட்டு. தன்யாவின் அம்மா ஒருநாள் ஜன்னலருகே வந்து, "அண்ணா, நீங்க புதுசா ஏதோ இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்லிக் குடுக்கறீங்களாமே, ரொம்ப தேங்க்ஸ்" என்றார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பாடம் நடந்த நாட்களிலேயே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. நான் முன்சீட்டில் இருப்பதால் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். "சிக்னல் இன்னா கலரு?" மங்கலாக ஒரு பொட்டு மேலே தெரிந்தால் சிவப்பு, கீழே தெரிந்தால் பச்சை. சொல்லிவிடுவேன். "அந்தப் பஸ்ஸு திரும்புதா நேராப் போவுதா?" ஏதாவது ஒன்றைச் சொல்வேன். பள்ளிக்கூடமே கைதட்டிய கண் ஆயிற்றே என்று அவர் நம்பினார். நம் ஒவ்வொரு கண்ணிலும் குருட்டுப்புள்ளி என்று ஓர் இடம் உண்டு. பார்வை நரம்பு விழித்திரையை விட்டுக் கிளம்பும் இடம். அங்கே எதுவுமே தெரியாது. ஆனால் ஓட்டை இருப்பது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை குத்துமதிப்பாக அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அப்பாவுக்கு நான் அந்த மூளை வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் கீழ்க்கட்டளையிலிருந்து மேற்கே வந்துகொண்டிருந்தோம். சூரியன் நேராக முகத்தில். வேன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக எரிந்தது. அப்பா கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். பின்னால் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"கண்ணு, முன்னாடி கிளியரா?"

எனக்கு எல்லாம் ஒரே மஞ்சள் கஞ்சியாக இருந்தது. நடுவில் ஏதோ பழுப்பாக இருந்தது. நிழல் என்று நினைத்தேன். "கிளியர்ப்பா" என்றேன்.

அப்பா ஆக்சிலரேட்டரை மிதித்தார். அந்தச் சமயம் பார்த்துத் தன்யா பாட்டை நிறுத்திவிட்டு, "அங்கிள், மாடு!" என்று கத்தினாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, "மாடு! மாடு!" என்று கைதட்டினார்கள். அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். புத்தகப்பைகள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தன, என் மடியில் யாருடைய தண்ணீர் பாட்டிலோ கொட்டியது. வேன் நின்றபோது மாட்டின் முகம் கண்ணாடிக்கு வெளியே அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அந்தத் தூரத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். அதன் ஒவ்வொரு இமை மயிரும் தெரிந்தது. அது கொஞ்சநேரம் எங்களைப் பார்த்துவிட்டு வைப்பரை நக்கியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் மாடு ஒரு அடி நகர்ந்தது. அதற்கு அந்தப் பக்கம், அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு எங்களையே பார்த்தார். பிறகு மாட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வேனில் கண் தெரிந்தவர்கள் யூகேஜி பிள்ளைகள் மட்டும்தான், மகனே.

எல்லோரையும் இறக்கிவிட்டபிறகு அப்பா ஏரிக்கரையில் வேனை நிறுத்தினார். சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இனிமேல் ஓட்டமாட்டேன், ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். சொன்னால் நான் வாயைத் திறக்கவேண்டியதில்லை. அவர் நீளமாக மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் ரொம்ப பயந்துட்டேன் கண்ணு. என் கண்ணாலதான் இப்படி ஆச்சோன்னு. அப்புறம்தான் யோசிச்சேன். உனக்கே தெரியலன்னா அந்த வெயில்ல எவனுக்குத் தெரியும்? என் கண்ணு மேல தப்பு இல்ல."

முகம் தெளிந்து, வேனைக் கிளப்பினார். நாளைக்குக் காலையில் சான்றிதழ் வாங்கப் போகிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் "மாடு குறுக்க வந்துடுச்சு" என்றார். அம்மா, "மாட்டுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள்.

இதுதான் என்னைச் சாப்பிட விடாமல் செய்தது. என் கண் நல்ல கண் என்பதை வைத்துத்தான் அவர் தன் கண்ணும் நல்ல கண் என்று முடிவுகட்டியிருக்கிறார். நான் ஒப்பித்த பொய்யின்மேல் உட்கார்ந்துகொண்டு அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலா டாக்டர் நம்மைக் கேட்கிறார்? டாக்டருக்குத் தெரிய வேண்டியது நமக்கு என்ன தெரியவில்லை என்பதுதான். அதை மறைத்துவிட்டு எல்லாம் சரியாகச் சொன்னோம் என்று பெருமைப்படுகிறோம். அம்மாவிடம் போய்ச் சொன்னால் போதுமே என்று நீ கேட்கலாம். எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அது அம்மாவிடம் தலைகீழாகத்தான் விழும், நிமிர்த்திவைக்க அங்கே யாரும் இல்லை. அதோடு அவள் அப்பாவைப் பிடித்துக்கொள்வாள், அவர் அவளுக்குப் பயந்து, "கண்ணு நல்லாத்தான் கீது" என்று சத்தியம் செய்வார், காலையில் கிளினிக்கில் ஒப்பித்துவிட்டு வருவார். அவரை நிறுத்தக்கூடிய வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. அது என்னைப் பற்றியது. எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லவேண்டும். சொன்னால் போன் போகும், மேடையில் கைதட்டியதெல்லாம் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். "அப்போ நீ கிளியர்னு சொன்னியே?" என்று அப்பா கேட்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். பக்கத்தில் இருப்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உனக்கு என்றைக்காவது கரும்பலகை தெரியவில்லை என்றால் நேராக என்னிடம் வந்து சொல். ஏரியில் எதையும் போடமாட்டேன். கடைக்குக் கூட்டிப்போய் உனக்குப் பிடித்த பிரேம் வாங்கித் தருவேன். பொன்னாங்கண்ணியும் செய்து போடுவேன், ஆனால் அது சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மட்டும். நான் ஒருவேளை அந்த வயதில் இதையெல்லாம் மறந்துவிட்டு, "எங்க வம்சத்துல" என்று ஆரம்பித்தால், இந்தக் காகிதத்தை என் மூக்குக்கு ஒட்டப் பிடித்துப் படிக்க வை. தூரத்தில் பிடித்தால் எனக்குத் தெரி

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். அம்மா எழுந்துவிடப்போகிறாள் என்று மெதுவாகத் தட்டுகிறார். "கண்ணு, வயிறு எப்படி கீது? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. பி ஈ சி எஃப்... அப்பால இன்னா? அது ஒண்ணுதான் நிக்க மாட்டுது. மீதியெல்லாம் வந்துடுச்சு."

டி. அது ஒன்றைச் சொன்னால் போதும், நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவார்.

திரும்பவும் தட்டுகிறார். மகனே, நான் டி என்று சொல்லப்போவதில்லை. கதவைத் திறந்து, "எனக்கும் தூரத்துல தெரியலப்பா" என்று